புதுப் பாட்டு, பழகிய காது

கனடாவின் மொன்ட்ரியால் நகரில், மெக்கில் பல்கலைக்கழகத்தில், 19 பேரை ஒவ்வொருவராக எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்துப் பாட்டுப் போட்டார்கள். ஒவ்வொருவருக்கும் 60 இசைத் துணுக்குகள். ஒவ்வொன்றும் 30 வினாடி. அவற்றில் ஒன்றைக்கூட அவர்கள் முன்பு கேட்டதில்லை. ஆனாலும் கண்டபடி பொறுக்கியவை அல்ல. அவரவர் ரசனையைத் தெரிந்துகொண்டு, பாட்டுப் பரிந்துரைக்கும் மென்பொருள்களின் உதவியோடு தேர்ந்தெடுத்தவை. துணுக்கு முடிந்ததும் ஒரு கேள்வி வரும்: இந்தப் பாட்டை வாங்க எவ்வளவு தருவீர்கள்? ஒன்றும் தரமாட்டேன், 99 சென்ட், 1.29 டாலர், 2 டாலர் என்று நான்கு விடைகள். தருவது சொந்தக் காசு. ‘பிடித்திருக்கிறது’ என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். பையில் கைவிட்டுக் காசை எடுக்கும்போதுதான் எவ்வளவு பிடித்தது என்று தெரியும். ஆய்வாளர்கள் அதற்காகத்தான் காசைக் கேட்டார்கள்.

வலோரி சலிம்பூர், ராபர்ட் ஸடோர் குழுவினரின் இந்த ஆய்வு 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. கேட்டவர் எவ்வளவு தரப்போகிறார் என்பதை மூளையின் ஆழத்தில் இருக்கும் ஒரு சிறு பகுதி காட்டிக்கொடுத்தது. நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்று அதற்குப் பெயர். பசித்தவருக்குச் சோறு கிடைக்கும்போதும், கைக்குப் பணம் வரும்போதும் விழித்துக்கொள்ளும் பகுதி அது. போதைப்பொருள்கள் குறிவைப்பதும் அதைத்தான். அது எவ்வளவு வேகமாக இயங்கியதோ, அவ்வளவு அதிக விலைக்குக் கேட்டவர் ஒப்புக்கொண்டார்.

அந்த ஆய்வில் என்னை அதைவிட யோசிக்கவைத்தது இன்னொரு முடிவு. ஒலியைப் பகுத்தறியும் செவிப்புறணி, பிடித்த பாட்டுக்கும் பிடிக்காத பாட்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வேலை செய்தது. அதன் இயக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு யார் எதை வாங்குவார் என்று சொல்ல முடியவில்லை. மாறியது அந்த இரண்டு பகுதிகளுக்கும் இடையிலான தொடர்பு. பாட்டு பிடிக்கப் பிடிக்க, செவிப்புறணியும் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸும் ஒன்றோடொன்று இசைந்து இயங்கின. செவிப்புறணியில்தான் நாம் வாழ்நாள் முழுக்கக் கேட்ட ஒலிகளின் ஒழுங்குகள் பதிந்து கிடக்கின்றன. ஆக, முன்பின் கேட்டிராத ஒரு பாட்டுக்கு மதிப்புப் போடுவதற்கு மூளை பழைய பாட்டுகளையெல்லாம் துணைக்கு அழைக்கிறது.

எனக்கு அப்படி நேர்ந்த ஒரு பாட்டைச் சொல்கிறேன். 2008-இல் ‘சுப்ரமணியபுரம்’ படம் வந்த புதிதில், மதுரையிலிருந்து தேனி போகும் பேருந்தில் அதன் காதல் பாட்டை முதன்முதலாகக் கேட்டேன். படத்தைப் பார்த்திருக்கவில்லை. இசை யார், பாடியது யார் எதுவும் தெரியாது. குரல் நுழைந்த இடத்தில் கைமயிர் குத்திட்டு நின்றது. கூடவே இன்னோர் உணர்வும் வந்தது: இந்தப் பாட்டு எனக்கு ஏற்கெனவே தெரியும். அடுத்த அடி எங்கே திரும்பும் என்பதுகூட மங்கலாகத் தெரிந்தது. தெரிந்திருக்க வழியே இல்லை. ‘இது புதிது’ என்ற பரவசமும் ‘இது என்னுடையது’ என்ற உறுதியும் ஒரே நொடியில் எப்படிச் சேர்ந்து வருகின்றன? இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கேள்வியின் பின்னால்தான் போகப் போகிறோம்.

முதலில் அந்தப் புல்லரிப்பு. தோலில் ஒவ்வொரு மயிரின் அடியிலும் ஒரு நுண்ணிய தசை இருக்கிறது. குளிரிலும் பயத்திலும் பரிவு நரம்பு மண்டலம் அந்தத் தசையைச் சுருக்குகிறது, மயிர் நிமிர்கிறது. அடர்ந்த ரோமம் உள்ள விலங்குகளுக்கு அது கதகதப்பைத் தரும், எதிரியின் கண்ணுக்கு உடம்பைப் பெரிதாகக் காட்டும். நமக்கு அந்தப் பயன்கள் போய்விட்டன, தசையும் நரம்பும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. பிடித்த இசையின் உச்சத்தில் உடம்பில் நடப்பதையும் அளந்திருக்கிறார்கள். இதயத் துடிப்பும் மூச்சும் வேகமெடுக்கின்றன, வியர்வையால் தோலின் மின்கடத்தும் திறன் கூடுகிறது, விரல் நுனிகளில் வெப்பம் சற்றுக் குறைகிறது. ஆபத்தைக் கண்டவர் உடம்பிலும் ஏறக்குறைய இவைதான் நடக்கும். இசை ஆய்வாளர் டேவிட் ஹூரன் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார். எதிர்பாராத ஒலி வந்ததும் மூளையின் பழைய அடுக்கு முதலில் அஞ்சுகிறது. நொடிப்பொழுதில் மேலடுக்கு ‘இது வெறும் பாட்டு, பயமில்லை’ என்று அறிந்துகொள்கிறது. அச்சம் விலகிய இடத்தில் இன்பம் பெருகுகிறது. புல்லரிப்பின் முழு விளக்கமும் இதுதான் என்று நான் நினைக்கவில்லை. சில பாட்டுகள் நம்மை அச்சுறுத்தும் எதையும் செய்யாமல், மிக மெல்ல வந்தும் சிலிர்க்க வைக்கின்றன. ஆனால் புல்லரிப்பு எழும் இடங்களைப் பார்த்தால் ஹூரன் சொல்வதில் பெரும்பகுதி பொருந்துகிறது. பிரிட்டிஷ் உளவியலாளர் ஜான் ஸ்லோபோடா 1991-இல் வெளியிட்ட ஆய்வில், எதிர்பாராத சுரச்சேர்க்கை திடீரென்று வரும் இடங்களில்தான் கேட்போர் அதிகம் சிலிர்த்தார்கள். ஒலி பெருகும் இடம், ஒரு புதுக் குரல் நுழையும் இடம் ஆகியவையும் பிற ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தென்படுகின்றன. இடையிசையின் வயலின்கள் எல்லாம் சட்டென்று அடங்கி ஒற்றைப் புல்லாங்குழல் மட்டும் மிஞ்சும் அந்தக் கணத்தைத் தமிழ்ப் பாட்டுக் கேட்கிற எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

உடம்பில் தெரிவது இவ்வளவு. மூளைக்குள் என்ன சுரக்கிறது என்று பார்க்க, அதே மெக்கில் குழு 2011-இல் ஒரு நுட்பமான வழியைக் கையாண்டது. ராக்லோபிரைடு என்ற வேதிப்பொருளில் கதிரியக்கக் கார்பனை ஏற்றி உடலில் செலுத்துவார்கள். அது டோபமின் போய் அமரும் அதே ஏற்பிகளில் போய் அமரக்கூடியது. பேருந்தில் இருக்கைகளை எல்லாம் டோபமின் பிடித்துக்கொண்டால் ராக்லோபிரைடு நின்றுகொண்டுதான் வர வேண்டும். எங்கே ராக்லோபிரைடு அமர்ந்திருப்பது குறைகிறதோ, அங்கே டோபமின் அதிகம் சுரந்திருக்கிறது என்று பெட் ஸ்கேன் படம் சொல்லிவிடும். இந்த ஆய்வுக்கு வந்த 217 பேரில் பல சுற்று வடிகட்டலுக்குப் பிறகு 8 பேர் தேறினார்கள். ஒரே இசையைக் கேட்கும்போதெல்லாம் ஒரே இடத்தில் தவறாமல் சிலிர்ப்பவர்கள்தான் வேண்டும். பாட்டின் சொற்கள் குழப்பிவிடக் கூடாது என்பதால் வாய்ப்பாட்டு இல்லாத இசை மட்டும். குறிப்பிட்ட ஒரு நிகழ்ச்சியின் நினைவோடு பிணைந்த இசையும் கூடாது. முதல் காதலை நினைத்துச் சிலிர்த்தால் அது இசையின் வேலை ஆகாது.

ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு ‘உணர்ச்சியைத் தொடாத’ இசையும் தேவைப்பட்டது. அதற்கு அவர்கள் செய்தது அழகான காரியம். ஒருவருக்கு உயிரான இசையை, அதில் எதையும் உணராத இன்னொருவருக்குப் போட்டார்கள். ஒலி அதேதான். ஒருவர் மூளையில் டோபமின் பெருகியது, அடுத்தவர் மூளையில் இல்லை. இன்பம் முழுவதும் இசைக்குள்ளேயே இருக்கிறது என்று வாதிடுபவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

அந்த ஆய்வு இன்பத்தை இரண்டாகப் பிரித்தும் காட்டியது. சிலிர்ப்பின் உச்சத்தில் டோபமின் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸில் சுரந்தது. உச்சத்துக்கு முந்திய சில வினாடிகளிலோ அது காடேட் என்ற வேறொரு பகுதியில் சுரந்தது. காடேட் எதிர்நோக்குவதோடும் கற்றுக்கொள்வதோடும் தொடர்புள்ள பகுதி. ‘இதோ வரப்போகிறது’ என்ற காத்திருப்பே தனியான ஓர் இன்பம், அதற்கென்று மூளையில் தனி இடம் இருக்கிறது. கச்சேரியில் தனி ஆவர்த்தனம் முடியும் தறுவாயில் கோர்வையின் மூன்றாம் சுற்று வரும்போது, சபையே விரல்களில் தாளத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்தக் காத்திருப்பு எதற்காக என்பது இப்போது புரிகிறது.

டோபமின் இன்பத்துக்குக் காரணமா, இல்லை இன்பத்தோடு சும்மா உடன் வருகிறதா? நியாயமான இந்தக் கேள்விக்கு 2019-இல் பார்சிலோனாவில் லாரா ஃபெர்ரேரி குழுவினர் விடை தேடினார்கள். பங்கேற்ற 27 பேருக்கும் வெவ்வேறு நாட்களில் மூன்று வகை மாத்திரை தரப்பட்டது: பார்கின்சன் நோயாளிகளுக்குத் தரும் லெவோடோபா, டோபமினின் வேலையைத் தடுக்கும் ரிஸ்பெரிடோன், மருந்தில்லாத வெற்று மாத்திரை. லெவோடோபா உண்ட நாளில் இசை கூடுதலாக இனித்தது, பாட்டு வாங்கக் கூடுதலாகக் காசு தந்தார்கள். ரிஸ்பெரிடோன் உண்ட நாளில் இரண்டும் குறைந்தன. காரணம்தான், வெறும் உடன்வரவு அல்ல.

இதுவரை பார்த்தவற்றிலிருந்து ஒரு புதிர் முளைக்கிறது. டோபமின் எதற்குச் சுரக்கிறது என்பதை ஸ்விட்சர்லாந்தில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளை வைத்துக் கண்டறிந்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் குரங்கின் டோபமின் நரம்பணுக்கள் துடித்தன. விளக்கு எரிந்தபின் பழச்சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, சாறு வந்தபோது துடிப்பு இல்லை. விளக்கு எரிந்தபோதே துடித்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வழக்கமான துடிப்பும் அடங்கியது. டோபமின் அளப்பது கிடைத்ததை அல்ல. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டை. அப்படியென்றால் முழுக்க எதிர்பார்த்தபடி நடக்கும் பாட்டு சலிக்க வேண்டும், எதையுமே எதிர்பார்க்க முடியாத பாட்டு வெறும் இரைச்சலாக வேண்டும். நடைமுறையில் இரண்டும் உண்மைதான். நம்மைப் பிடித்துக்கொள்ளும் பாட்டு இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

இந்த எண்ணத்தை இசைக்கு முதலில் முழுமையாகப் பொருத்தியவர் லெனார்ட் மேயர். 1956-இல் வெளிவந்த நூலில், இசை தரும் உணர்ச்சி எதிர்பார்ப்பைத் தூண்டி, தாமதித்து, திசைதிருப்பி, கடைசியில் நிறைவேற்றுவதில் பிறக்கிறது என்று அவர் வாதிட்டார். அப்போது மூளையைப் படம்பிடிக்கும் கருவிகள் இல்லை. 2019-இல் லைப்சிக் நகரின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தில் வின்சென்ட் சியுங் குழு அதை எண்களாலேயே சோதித்தது. அமெரிக்காவின் பில்போர்டு வெற்றிப் பட்டியலில் இடம்பெற்ற 745 பாடல்களிலிருந்து ஏறக்குறைய 80,000 சுரக்கூட்டுகளைக் கணினியில் ஆராய்ந்து, ஒவ்வொன்றும் எவ்வளவு எதிர்பார்க்கத் தக்கது என்று கணக்கிட்டார்கள். பாட்டு எதுவென்று அடையாளம் தெரியாதபடி மெட்டையும் சொற்களையும் நீக்கிவிட்டு, வெறும் கூட்டுகளைக் கேட்கவைத்தார்கள். அடுத்து என்ன என்பது உறுதியாகத் தெரிந்திருக்கும்போது வந்த திடீர்த் திருப்பம் இனித்தது. அடுத்து என்ன என்று தெரியாமல் தடுமாறும்போது வந்த பழகிய கூட்டும் இனித்தது. நம் இசைக்கு அடித்தளம் சுரக்கூட்டு அல்ல, ராகமும் கமகமும்தான். எனவே இந்த எண்களை அப்படியே நம் பாட்டுகளுக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் எதிர்பார்ப்பு என்ற இயந்திரம் எல்லாக் காதுகளுக்குள்ளும் இருக்கிறது.

அந்த எதிர்பார்ப்பு எங்கிருந்து வருகிறது? பிறக்கும்போதே கொண்டுவருவது அல்ல, அதில் பெரும்பகுதி கேட்டுக் கேட்டுச் சேர்ந்தது. ஜென்னி சாஃப்ரன் குழுவினர் 1996-இல் எட்டு மாதக் குழந்தைகளுக்குப் பொருளற்ற அசைகளை இடைவெளியில்லாமல் இரண்டு நிமிடம் கேட்கவைத்தார்கள். எந்த அசைக்குப் பிறகு எது அடிக்கடி வருகிறது என்பதைக் குழந்தைகள் அந்த இரண்டு நிமிடத்திலேயே பிடித்துக்கொண்டன. பின்னர் அசைகளுக்குப் பதில் சுரங்களைக் கொடுத்தபோதும் அப்படியே. யாரும் கற்றுத்தரவில்லை, காது தானாகவே கணக்கெடுக்கிறது. தொட்டிலில் தொடங்கும் இந்தக் கணக்கெடுப்பு ஒருநாளும் நிற்பதில்லை.

கணக்கு வேறுபட்டால் ரசனையும் வேறுபடும். பொலிவியாவின் மழைக்காட்டில் வாழும் சிமானே மக்கள் மேற்கத்திய இசையை அதிகம் கேட்டு வளராதவர்கள். இனிய சுரச்சேர்க்கை என்று மேற்குலகம் கொண்டாடுவதையும் இனிமையற்றது என்று ஒதுக்குவதையும் அவர்கள் ஒரே தரத்தில்தான் வைத்தார்கள் என்று ஜாஷ் மெக்டெர்மட் குழு 2016-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியது. நமக்கு இன்னும் நெருக்கமான சான்று 1984-இல் வந்தது. மேரி காஸ்டெலானோ, ஜம்ஷெட் பருச்சா, கேரல் க்ரும்ஹான்ஸல் மூவரும் இந்துஸ்தானி ராகங்களை இந்தியர்களுக்கும் மேற்கத்தியர்களுக்கும் போட்டுக்காட்டினார்கள். எந்தச் சுரம் அடிக்கடி ஒலிக்கிறது, எதன்மேல் ராகம் நின்று இளைப்பாறுகிறது என்பதை இரு சாராரும் கண்டுகொண்டார்கள். ராகத்துக்கு அடியில் இருக்கும் தாட் என்ற சுர வரிசையின் தடம் இந்தியர்களின் விடைகளில் மட்டுமே தெரிந்தது. அது அந்த ஒரு துணுக்கில் இருக்கவில்லை. அவர்கள் வாழ்நாளில் கேட்ட பிற பாட்டுகளில் இருந்தது.

இப்போது தேனிப் பேருந்துக்கு வருகிறேன். நான் கேட்ட அந்தப் பாட்டு ரீதிகௌளை ராகத்தில் அமைந்தது. ரீதிகௌளை நேராக ஏறாது. ஸ-விலிருந்து க-வைத் தொட்டு, ரி-க்குத் திரும்பி, மறுபடி க, ம என்று நடந்து, ஏறும்போது பஞ்சமத்தைத் தொடாமல் நி-க்குத் தாவும். அங்கிருந்தும் உடனே மேல் ஸட்ஜத்துக்குப் போகாது. த, ம என்று இறங்கிவந்து மீண்டும் நி-யைப் பிடித்த பிறகே மேலே சேரும். ஒருமுறை மனத்தில் பதிந்தால் வேறு ராகத்தோடு குழப்பிக்கொள்ள முடியாத வளைவுகள் இவை. தியாகராஜரும் சுப்பராய சாஸ்திரியும் இதில் கீர்த்தனைகள் செய்திருக்கிறார்கள். கச்சேரிக்கே போகாத தமிழருக்கும் இந்த ராகம் தெரியும், ராகத்தின் பெயர் தெரியாவிட்டாலும். 1977-இல் ‘கவிக்குயில்’ படத்துக்காக இளையராஜா இசையில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய பாட்டு அதை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. 1999-இல் ‘முதல்வ’னில் ஏ.ஆர். ரகுமான் அதைத் தொட்டார். 2008-இல் ஜேம்ஸ் வசந்தன் அதே வளைவுகளை வேறு தாளத்தில், வேறு குரல்களில், வேறு வாத்தியங்களின் நடுவே வைத்தார். எனக்குப் ‘புதிது’ என்று தோன்றியது அந்தக் குரலும் தாளமும். ‘என்னுடையது’ என்று தோன்றியது ராகத்தின் வளைவு. என் செவிப்புறணி பல ஆண்டுகளாக எடுத்துவைத்திருந்த கணக்கோடு அந்தப் பாட்டு ஒத்துப்போனது. ஒத்துப்போகாத இடங்களில் அது தந்த வியப்பும் அந்தக் கணக்கு இருந்ததால்தான் வியப்பாக இருந்தது.

என் காதில் அந்த ராகத்தைச் சேர்த்தது நான் தேர்ந்தெடுத்த இசை மட்டுமல்ல. அதிகாலையில் அப்பா திருப்பிவைத்த இலங்கை வானொலி, திருமண வீட்டு ஒலிபெருக்கி, எதிர்வீட்டு டேப் ரெக்கார்டர் எல்லாம் சேர்ந்து செய்த வேலை. க்ரும்ஹான்ஸலும் ஜஸ்டின் ஸுப்னிக்கும் 2013-இல் இதை ஆராய்ந்தார்கள். 1955 முதல் 2009 வரை அமெரிக்காவில் புகழ்பெற்ற பாட்டுகளைக் கல்லூரி மாணவர்களுக்குப் போட்டுக்காட்டினார்கள். தங்கள் காலத்துப் பாட்டுகளை அவர்கள் விரும்பியதில் வியப்பில்லை. அவர்கள் பெற்றோர் இளைஞர்களாக இருந்த 1980-களின் தொடக்கத்துப் பாட்டுகளுக்கும் தனியாக ஓர் ஈர்ப்பு தெரிந்தது. அதற்கும் முந்திய 1960-களின் பாட்டுகளும் அவர்களைத் தொட்டன. பதின்வயதில் கேட்ட பாட்டு வாழ்நாள் முழுக்க நிற்கும் என்பது பழைய செய்தி. பெற்றோரின் பதின்வயதுப் பாட்டு பிள்ளைகளின் காதிலும் குடியேறுகிறது என்பது இந்த ஆய்வு சொன்ன புதுச் செய்தி. பிள்ளைகளின் காதுக்கு எட்டும்படி வீட்டில் பாட்டு ஒலிப்பது, பின்னாளில் அவர்கள் எந்தப் புதுப் பாட்டில் மனம் பறிகொடுப்பார்கள் என்பதைத் தீர்மானிக்கிறது. இப்போது வீட்டில் ஒவ்வொருவர் காதிலும் தனித்தனியாக இயர்போன். எனக்கு இது உண்மையாகவே கவலை தருகிறது.

எல்லோருக்கும் இது வாய்ப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காது நன்றாகக் கேட்கும், மெட்டை அடையாளம் காண முடியும், சோகப் பாட்டு எது குதூகலப் பாட்டு எது என்று சரியாகச் சொல்லவும் முடியும். ஆனால் எந்தப் பாட்டும் எந்த இன்பமும் தராத மனிதர்கள் இருக்கிறார்கள். பார்சிலோனாவில் எர்னஸ்ட் மாஸ்-எர்ரேரோ, ஹோசப் மார்க்கோ-பயாரெஸ் குழுவினர் 2014-இல் இவர்களைப் பற்றி எழுதினார்கள். பணம் வெல்லும் விளையாட்டில் இவர்கள் மற்றவர்களைப் போலவே மகிழ்ந்தார்கள். வெகுமதியை உணரும் பகுதியில் பழுதில்லை. செவிப்புறணிக்கும் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸுக்கும் இடையிலான தொடர்புதான் இவர்களுக்கு மெலிந்திருக்கிறது என்று 2016-இல் அடுத்த ஆய்வு காட்டியது. ‘உனக்குப் பாட்டுப் பிடிக்காதா, நீ என்ன மனுஷன்’ என்று நண்பர்களுக்கு நடுவே கேட்கப்படும் கேள்வி இவர்களுக்கு எவ்வளவு வலிக்கும். அது ரசனைக் குறையோ மனக் குறையோ அல்ல. நரம்பிழைகளின் அமைப்பு அப்படி.

புதுப் பாட்டு பிடித்துவிட்டால் அடுத்து நாம் செய்வது எல்லோருக்கும் தெரியும். திரும்பத் திரும்பக் கேட்போம். ஷுல்ட்ஸின் குரங்கை நினைத்தால் இது விளங்காது. அடுத்த அடி மனப்பாடமான பிறகு வியப்பு எங்கே இருக்கிறது? ஜம்ஷெட் பருச்சா இதற்குச் சொன்ன விடையை மிஞ்ச இன்னொன்றை நான் பார்க்கவில்லை. நம்மிடம் இரண்டு வகை எதிர்பார்ப்புகள் இருக்கின்றன. ஒன்று, இந்தப் பாட்டில் அடுத்து என்ன வரும் என்ற குறிப்பான நினைவு. மற்றொன்று, நம் இசையில் பொதுவாக இப்படித்தான் வரும் என்ற ஆழ்ந்த பழக்கம். பாட்டை மனப்பாடம் செய்தால் முதலாவது தெளிவாகிறது. இரண்டாவது மாறுவதில்லை, ஏனென்றால் அது ஒரு பாட்டால் ஆனது அல்ல, ஆயிரக்கணக்கான பாட்டுகளால் ஆனது. ஆகவே திருப்பம் வரும் என்று நமக்குத் தெரிந்திருந்தும் அந்த ஆழ்ந்த பழக்கம் ஒவ்வொரு முறையும் ஏமாறுகிறது. கூடவே காடேட்டின் காத்திருப்பு இன்பமும் சேர்ந்துகொள்கிறது. திருப்பம் எப்போது வரும் என்று தெரிந்தால்தானே அதற்காகக் காத்திருக்க முடியும்? முதல் முறை கேட்கும்போது இல்லாத ஓர் இன்பம் பலமுறை கேட்கும்போது பிறப்பது இதனால்தான்.

திரும்ப வருவதன் ஆற்றலை எலிசபெத் மார்குலிஸ் வேறு வழியில் காட்டினார். பெரியோ, எலியட் கார்ட்டர் போன்ற நவீனச் செவ்வியல் இசையமைப்பாளர்களின் படைப்புகளில் ஒரு பகுதியை வெட்டி, மீண்டும் ஒருமுறை ஒட்டினார். இசையமைப்பாளர் விரும்பாத, இசை நியாயம் எதுவும் இல்லாத ஒட்டு அது. ஆனாலும் ஒட்டுப்போட்ட வடிவமே கேட்போருக்கு அதிகம் பிடித்தது. அது ஒரு மனிதக் கலைஞரின் படைப்பு என்றும் அதையே அதிகம் நம்பினார்கள். நம் கர்நாடக இசை மரபு இதை ஆய்வுக்கூடம் இல்லாமலே அறிந்து செயல்பட்டது. கீர்த்தனையில் பல்லவியின் ஒரே அடியைப் பாடகர் மறுபடி மறுபடி பாடுகிறார். ஒவ்வொரு சங்கதியிலும் ஒரு சிறு மாற்றம், கொஞ்சம் கூடுதல் வளைவு. பழகியது அப்படியே இருக்கிறது. புதியது துளித்துளியாகச் சேர்கிறது. எதிர்பார்ப்பும் வியப்பும் இவ்வளவு துல்லியமாக அளந்து கலக்கப்பட்ட வேறொரு வடிவம் உலக இசையில் அரிது என்பது என் துணிபு.

ஆனாலும் பாட்டுகள் தேயும். டேனியல் பெர்லின் 1971-இல் விளக்கியபடி, ஒன்றின் மேல் நம் விருப்பம் பழகப் பழக ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்குகிறது. எளிய பாட்டு விரைவில் உச்சத்துக்குப் போய் விரைவில் சலிக்கும். உள்ளடுக்குகள் கொண்ட பாட்டு தாமதமாக ஏறி நெடுநாள் நிற்கும். முதல்முறை கேட்டபோதே பிடிக்கவில்லை என்று தள்ளிவிட்ட பாட்டு ஒன்று சில மாதம் கழித்து நெஞ்சில் உட்கார்ந்துகொள்வதன் காரணம் இதுதான். எனவே உங்களுக்குப் பழக்கமில்லாத ஓர் இசையை, அது நாகஸ்வரமாகட்டும், ஜாஸ் ஆகட்டும், கவாலி ஆகட்டும், ஒருமுறை கேட்டு முடிவு செய்யாதீர்கள். அதற்கான கணக்கைக் காது எடுத்து முடிக்கச் சில நாட்கள் கொடுங்கள். 2018-இல் வெளிவந்த மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வொன்று, மக்கள் விடாமல் கேட்கும் பாட்டுகளில் இனிமையும் துயரமும் கலந்தவையே வெறும் மகிழ்ச்சிப் பாட்டுகளைவிடப் பல மடங்கு அதிகமாகக் கேட்கப்படுவதைக் கண்டது. அது ஏன் என்பதைத் தனி அத்தியாயமாகவே எழுத வேண்டும்.

தேய்ந்த பாட்டும் அழிந்துபோவதில்லை. நெடுநாள் பழகிய பாட்டை மூளை ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடையாளம் கண்டுகொள்கிறது என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2019-இல் கண்டார்கள். டீக்கடையைக் கடக்கும்போது முன்னிசையின் முதல் தட்டிலேயே படத்தின் பெயர் மனத்தில் வருவது இதனால்தான். அதைவிட முக்கியமான ஒன்றை 2015-இல் லைப்சிக் ஆய்வாளர்கள் ‘பிரெய்ன்’ இதழில் எழுதினார்கள். நீண்டகாலம் பழகிய இசையின் நினைவைத் தாங்கும் பகுதிகளை அல்சைமர் நோய் மிகக் குறைவாகவே தாக்குகிறது. மூளையின் பிற பகுதிகள் சுருங்கும்போதும் அவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. பெற்ற பிள்ளையின் பெயரை மறந்தவர்கள் பழைய பாட்டின் அடியைப் பிசகாமல் பாடுவதை முதியோரைப் பராமரிப்பவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆனால் எந்தப் பாட்டு என்பதுதான் கேள்வி. அவர்கள் காலத்துப் பாட்டு ஏதோ ஒன்றைப் போட்டால் போதாது. ஒருவருக்கு உயிரான இசை அடுத்தவருக்கு வெறும் ஒலி என்பதை மொன்ட்ரியால் ஆய்வு முன்பே காட்டிவிட்டது.

உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால், இளவயதில் அவர்களைப் புல்லரிக்க வைத்த பாட்டுகள் எவை என்று கேளுங்கள். படத்தின் பெயர், பாடியவர், பாட்டின் முதல் சொல் என எது கிடைத்தாலும் ஒரு தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். அவர்களால் சொல்ல முடிகிற இப்போதே கேளுங்கள்.